பன்னிரண்டாம் இடம்

பெங்களூர் வண்டியில் மூன்று மணி நேரம்
மடியில் வைத்திருந்தேன்,
அவர் நுரையீரலில் ஓர் அரிசி அளவை.
மெழுகில் புதைத்தது. ஐஸ் தேவையில்லை.
லக்கேஜா என்றார் கண்டக்டர்.
இல்லை, சோற்று டப்பா என்றேன்.

இன்று அறிக்கை வந்துவிட்டது.
நான்கு பக்கம். அதில் ஒரே ஒரு வரி.
கே-ராஸ். பன்னிரண்டாம் இடம்.
கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் போய்விட்டார்.
லேப் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாதையன்.
முப்பத்தோரு வருடம் லாரி.
தொப்பூர் கணவாயில் ஒரு கீறல் விழாமல்
கிரானைட் இறக்கியவர்.
முடிவைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை,
குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் நான்.
அவர் கேட்டதோ வேறு:
"அன்னிக்குக் கையெழுத்து வாங்கின தாள்ல
புரதக் குடும்பம்னு போட்டிருந்துச்சே,
அது யாரு குடும்பம்மா?"

பெரிய குடும்பம், அண்ணா.
ஒருவன் செல்லின் சட்டத்தை இழுத்துக் கட்டுகிறான்.
ஒருவன் பொட்டலங்களை முகவரி பார்த்து அனுப்புகிறான்.
உட்கருவின் வாசலில் வரவு செலவு பார்ப்பவன் ஒருவன்.
ராஸ் மட்டும் சவ்வின் உள்பக்கம்
பிசுக்கு வாலால் ஒட்டிக்கொண்டு,
வளரச் சொல்கிறார்கள் என்ற சேதியை
உள்ளே கடத்துகிறவன்.
எல்லோருக்கும் இரண்டே நிலை.
மூன்று பாஸ்பேட் உள்ளதைப் பிடித்தால் எரிவான்,
அதில் ஒன்றை உடைத்தால் அணைவான்.
உடைக்க அவனுக்குச் சோம்பல்.
பக்கத்தில் ஒருவர் வந்து
விரலை நுழைத்து உதவ வேண்டும்.

"இன்டிகேட்டர்" என்றார் மாதையன்.

"திரும்பி முடிச்சதும் அணைக்கணும்.
மறந்தா கிளீனர் பையன் கை நீட்டி அணைப்பான்.
அணைக்காம ஓட்டினா பின்னால வர்றவன் பூரா..."
இருமல் வந்தது.
வாக்கியம் அங்கேயே நின்றது.

கிளீனர் பையனின் விரல் போய்ச் சேரும் இடம்தான்
பன்னிரண்டு.
அங்கே கிளைசின், இருப்பவற்றில் சின்னது,
இடத்தை அடைக்காதது.
ஜிஜிடி என்பது டிஜிடி ஆயிற்று. ஒரே எழுத்து.
இப்போது சிஸ்டீன் அங்கே
நெரிசல் பஸ்ஸில் முழங்கையை விரித்தவன் மாதிரி.
விரல் நுழையவில்லை.
விளக்கு எரிகிறது.
வளர் என்கிறது. வளர்.
வெளியே யாரும் சொல்லாமலே, வளர்.

நான் படித்ததில் ஒன்று மட்டும் மறக்கவில்லை.
இந்தச் சிஸ்டீன்காரன் ஓயாமல் எரிவதில்லை.
எப்போதாவது, யார் உதவியும் இல்லாமல்,
தானே அணைகிறான்.
மருந்து அந்த இமைப்புக்குத்தான் காத்துக் கிடக்கிறது.
எரிகையில் அதற்கு வாசலே இல்லை.
அணைந்த கணத்தில் ஒரு பள்ளம் திறக்கும்;
உள்ளே போய்
சிஸ்டீனின் கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும்.
அப்புறம் விடாது.
சில மாதம். ஒரு வருடம்.
செல் வேறு சந்து கண்டுபிடிக்கும் வரை.
அதையும் படித்திருக்கிறேன்.

மாத விலையை டாக்டர்
துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார், வாயால் சொல்லமாட்டார்.
விற்பதற்குச் சொந்த லாரி இல்லை இவருக்கு.
பெங்களூரில் ஓர் ஆய்வுக்கு மனு போடலாம் என்பார்.
அந்த மனுவையும் நான்தான் எடுத்துப் போவேன்.

"அப்போ ஆகஸ்ட்ல லைசென்ஸ் புதுப்பிக்கட்டுமா
வேண்டாமா?"

கவரில் போட்டுக் கொடுத்தேன், ஒட்டாமல்.
டாக்டர் இரண்டாம் மாடியில் என்றேன்.

ஏறினார். படி திரும்பும் இடத்தில்
மூச்சுக்கு நின்றார்.
பின்னால் கஞ்சி வாளியோடு ஒரு பையன்.
சுவரோரம் ஒதுங்கி,
திரும்பிக்கூடப் பார்க்காமல்
வலது கையை வெளியே நீட்டி அசைத்தார்,
ரோடு காலி, முந்திப் போ என்று.